ஃப்ளோராவின் இரண்டாம் குரல்

கல்மண்டபம் சந்தையில் ஃப்ளோராவிடம் மீன் வாங்கியவர்களுக்கு அவளுடைய பாட்டு ஒரு தொல்லை. கூடைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே எதையோ முனகுவாள். ஒரே இடத்தில் நிற்கும், திடீரென்று இறங்கும், யாரும் எதிர்பாராத இடத்தில் முடிந்துவிடும். "இன்னாம்மா பாட்டு இது, பாதியத் துன்னுட்டு பாதியப் பாடிகினு கீற?" என்று வாடிக்கைக்காரி ஒருத்தி கேட்டே விட்டாள். ஃப்ளோரா சிரித்துக்கொண்டே மீனை எடுத்துப் போட்டாள். அந்த அம்மாள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது பாதிப் பாட்டுதான். மீதிப் பாதி அவளுடைய அக்கா ரெஜினாவிடம் இருந்தது.

ராயபுரத்தில் அவர்களுடைய மாதா கோயிலில் பாட்டெல்லாம் லத்தீனில். முதல் குரல்காரர்கள் மெட்டைப் பாடுவார்கள். இரண்டாம் குரல் அதற்குக் கீழே கூடவே வரும். சனங்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுப்பது முதல் குரலை. இரண்டாம் குரல் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ரெஜினா முதல் குரல், ஃப்ளோரா இரண்டாம் குரல். பாவாடை கட்டிய நாளிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள்.

சுதந்திரம் வந்த வருஷம் ஃப்ளோரா திருமலையைக் கட்டிக்கொண்டாள். கட்டுமரக்காரன், தங்கமான மனுஷன், ஆனால் இந்து. தாலி கட்டியது அவன் ஆட்களின் அம்மன் கோயிலில். ரெஜினா நேரே பங்குச் சாமியாரிடம் போய், "அவ பாட்டு மச்சுல நின்னா நான் நிக்க மாட்டேன் சாமி" என்று சொல்லிவிட்டாள். சபைச் சட்டமும் ரெஜினா பக்கம் இருந்தது. ஃப்ளோரா பூசைக்கு வரலாம், கடைசி பெஞ்சில் உட்காரலாம், பாடகர் குழு நிற்கும் மச்சில் மட்டும் ஏறக்கூடாது என்று சாமியார் உத்தரவு போட்டார். அக்கா தங்கச்சி பேச்சும் அதோடு நின்றது.

அந்தக் கடைசி பெஞ்சு மச்சுக்கு நேர் கீழே இருந்தது, அதுதான் கொடுமை. தலைக்கு மேலே அக்கா பாடுவாள். இங்கே இவள் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடவுளிடம் அவள் வேறு எதையும் கேட்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்று ஒரே ஒரு பாட்டு முழுசாகப் பாட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வருஷங்கள்தான் ஓடின.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் ராயப்பன் மாஸ்டர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோயிலில் ஆர்மோனியப் பெட்டி வாசித்து, பாடகர் குழுவை மேய்ப்பவர் அவர்.

"இன்னா மாஸ்டர், வழி தப்பி வந்துட்டீங்களா?" என்றாள் ஃப்ளோரா.

மாஸ்டர் விஷயத்தைச் சொன்னார். கோடம்பாக்கத்தில் ஒரு இசையமைப்பாளர் பக்திப் படத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தார். மூடிக்கிடந்த சிவன் கோயில் கதவு தானாகத் திறக்கிற காட்சி. அவரிடம் இருந்த கோரஸ் பெண்கள் எல்லாரும் ஒரே மெட்டை ஒரே குரலாகப் பாடினார்கள். மனுஷருக்கு அது போதவில்லை. கதவு திறக்கும்போது குரல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக எழ வேண்டும், அதற்குப் பழகியவர்கள் மாதா கோயில்காரர்கள்தான் என்று ஆள் அனுப்பிவிட்டார்.

"சிவன் கோயிலுக்கு நம்ம ஆளுங்க எப்டி பாடுவாங்க?"

"சாமி பேரே கெடையாதும்மா. வெறும் 'ஆ'தான். அதுக்குத்தான் எல்லாரும் ஒத்துக்கினாங்க. எரண்டாங் குரல்காரி காய்ச்சல்ல படுத்துகினு கீறா. நீ வா. அது இன்னா கோயிலா? ஸ்டூடியோதானே, யாரு கேக்கப் போறாங்க?"

"அக்கா?"

மாஸ்டர் தன் செருப்பைப் பார்த்தார். வலை பின்னிக்கொண்டிருந்த திருமலைதான் வாயைத் திறந்தான். "போய்ட்டு வா. தூக்கத்துல கூட அதத்தான் பாடிகினு கீற. எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" ஃப்ளோரா எழுந்தாள். போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாள்.

ஸ்டூடியோவில் ரெஜினா தங்கையைப் பார்த்தாள், பார்க்காதவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஃப்ளோரா ஒரு கோடியில் போய் நின்றாள். மாஸ்டர் ஆர்மோனியப் பெட்டியின் முன்னால் உட்கார, ஒத்திகை நடந்தது. இசையமைப்பாளர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"குரல் எல்லாம் இருக்கு. ஆனா ஒட்ட மாட்டேங்குதே. அந்தக் கோடியில நிக்கிற அம்மா, நீங்க இங்க வாங்க. இந்த அம்மா பக்கத்துல."

அவர் சுட்டியது ரெஜினாவின் பக்கத்தை. ஃப்ளோரா நடந்து வந்து நின்றாள். ரெஜினா நகரவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பதிவு தொடங்கியது. அந்தக் காலத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே மைக்கு, ஒருத்தர் தும்மினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். முதல் குரல் எழுந்தது, கீழே இரண்டாம் குரல் எழுந்தது, ஆண்கள் அடியில் வந்து சேர்ந்தார்கள். ஃப்ளோரா முனகிக் கிடந்த அத்தனை வருஷமும் அவள் தொண்டையைவிட்டு இறங்கிப் போயிற்று. கடைசிச் சுரத்தை எல்லாரும் இழுத்து நிறுத்தினார்கள். இசையமைப்பாளரின் கை மெல்ல இறங்கியது, யாரும் மூச்சுகூட விடக்கூடாத நேரம்.

அப்போது ராயப்பன் மாஸ்டரின் விரல்கள் தாமாகவே பெட்டியை அழுத்தின. மாதா கோயிலில் எந்தப் பாட்டும் ஆமென் சொல்லாமல் முடிந்ததில்லை. பெட்டி கொடுத்ததும் அத்தனை தொண்டையும் யோசிக்காமல் சேர்ந்து பாடிவிட்டது, "ஆ...மென்."

அந்த ஆமெனில் முதல் குரலுக்கு வேலையே கிடையாது. தொடங்கிய சுரத்திலேயே அசையாமல் நிற்க வேண்டும். இறங்குவது இரண்டாம் குரல்தான். ஃப்ளோரா போன பிறகு அந்த இறக்கத்தை யாரும் சரியாகப் பிடித்ததில்லை. ரெஜினா ஞாயிறுதோறும் அந்தரத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போவாள். இன்றைக்குப் பக்கத்திலேயே அது நிதானமாக இறங்கி உட்கார்ந்தது.

"சிவன் கோயில் கதவு தெறக்குதுய்யா, ஆமென்னா?" என்று பதிவு அறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இசையமைப்பாளருக்கு முதலில் கோபம், பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பு. எல்லாரும் சிரித்தார்கள். ரெஜினா மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடுத்த தடவை மாஸ்டர் பெட்டியிலிருந்து கையை எடுத்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார், பதிவு நன்றாக முடிந்தது.

திரும்பி வரும்போது வேனில் ரெஜினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "தொண்ட கட்டிகினு கீது உனுக்கு. மெளகு போட்டு பால் குடி." ஃப்ளோரா அக்காவின் தோளில் சாய்ந்து ராயபுரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள்.

மறுநாளே ரெஜினா சாமியாரிடம் போய் நின்றாள். "அவள மேல ஏத்துங்க சாமி."

"நீதானே இறக்கச் சொன்ன?" என்றார் அவர். "இப்ப உனக்கு மனசு மாறிடுச்சு. சட்டம் மாறலையே. மச்சில ஏத்த எனக்கு அதிகாரம் இல்ல, ரெஜினா." அவர் குரலிலும் வருத்தம் இருந்தது. ரெஜினா செத்த முகத்தோடு திரும்பி வந்தாள். கேட்ட ஃப்ளோராவுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு பாட்டு போதும் என்றிருந்தவளுக்கு, பாடிய பிறகு அந்த ஒன்று போதவில்லை.

அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆர்மோனியப் பெட்டி இருந்தது. பாடகர் குழு மொத்தமும் அதைச் சுற்றி நின்றது. ரெஜினா வந்து அவள் கையைப் பிடித்து இழுத்து, தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள்.

பீடத்தைப் பார்த்தபடி, சனங்களுக்கு முதுகு காட்டிப் பூசை வைக்கிற காலம் அது. முதல் பாட்டு கீழேயிருந்து எழுந்ததும் சாமியாரின் முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. அவர் திரும்பவில்லை. பூசையைத் தொடர்ந்தார்.

முடிந்ததும் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்தார். "பெட்டி ஏன் கீழ இருக்கு, ராயப்பா?"

ரெஜினா முந்திக்கொண்டு சொன்னாள்: "மச்சு ஒழுவுது சாமி. பெட்டி நனஞ்சிடும்."

வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. சாமியார் அண்ணாந்து மச்சைப் பார்த்தார். பிறகு ஃப்ளோராவைப் பார்த்தார். அவள் அக்காவின் கையை விடவே இல்லை.

"கூரையப் பழுது பாக்க இப்ப தோதுப்படாது. பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தக் கூரை ஒரு நாளும் ஒழுகியதில்லை. ஃப்ளோரா சாகிற வரைக்கும் யாரும் அதைப் பழுது பார்க்கவும் இல்லை.