இங்கிலீஷில் மிஞ்சிய இரண்டு தாள்கள்

நண்பர்களே, நாளை கோப்பெங் ஊர் வீட்டைக் காலி செய்து, புதுத் தோட்டத்தில் கூலியாட்களுக்கான வரிசை வீடான லயத்தில் ஒற்றை அறைக்குப் போகிறோம். என் காகிதப் பெட்டிக்கு அங்கே இடமில்லை.

எழுத்து தெரியாத காலத்தில், எது முக்கியமோ என்று பயந்து, கிடைத்த தாளையெல்லாம் அதில் சேர்த்தேன். இன்று நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன்! தமிழில் இருந்ததெல்லாம் தைல விளம்பரம், திருவிழா நோட்டீஸ்.

"இதையா இத்தன வருசம் பூட்டி வச்சீங்க? அடுப்புல போடுங்க," என்றாள் மனைவி.

போட்டேன். மிச்சம் இரண்டும் இங்கிலீஷ். பழைய தோட்டத்திலிருந்து முறையாக விலகியதற்குக் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தந்த சீட்டு இவற்றில் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் அறை கிடையாது என்கிறார் புதுத் தோட்டத்துக் கங்காணி.

"ரெண்டும் சோப்புத் தாளா இருந்தா?" என்கிறாள்.

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இன்றே வாருங்கள். சோப்புத் தாள்தான் என்றால், என் காதில் மட்டும் சொல்லுங்கள்.