கழற்றி வைக்கச் சொன்ன அட்டை

செக்கிங் மேசையில் பனியன்களைப் பிரித்துக்கொண்டிருந்த காலையில் செய்தி வந்தது: எங்கள் கட்டிங் மாஸ்டர் அருளப்பன் அவர்கள் மருத்துவமனையில் காலமானார். விலா எலும்பு முறிந்து, நெஞ்சில் சளி கட்டி இறந்தார் என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. அது எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

அவர் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். முதுகுவலிக்கென எவரோ கொடுத்த மாத்திரை அவரை அடிமையாக்கியது. அதிலிருந்து மீள, மருத்துவர் சொற்படி நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஒன்றை நாள்தோறும் எடுத்துவந்தார். மறைத்ததில்லை. "சுகர் மாத்திரைய எவனும் ஒளிச்சா போடுதான்?" என்பார்.

அம்மாத்திரை எடுப்பவருக்கு வழக்கமான வலி ஊசி சரியாகப் பலிக்காது. அதை அறிந்தால்தான் மருத்துவர் வேறு வழி பார்ப்பார். ஆகவே அட்டையொன்று எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பழைய நாளிதழ்களில் தமிழ் கற்றவள் நான்; அதனாலேயே அவருக்கு நான் 'டீச்சர்'. பக்கம் நிறைய எழுதினேன்.

"டீச்சர், இது கல்யாணப் பத்திரிகைல்லா. டாக்டர் வாசிச்சு முடிக்கதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திருவேன்."

நான்கு வரியாக்கினேன். "நான் இந்த மாத்திரை எடுப்பவன். இதை நிறுத்த வேண்டாம். எனக்கும் வலிக்கும். என் மருத்துவரை அழையுங்கள்." மூன்றாம் வரி அவர் சொன்னது. மருத்துவரின் முத்திரையுடன் அது அவருடைய கம்பெனி அடையாள அட்டைக்குப் பின்னால், அதே உறையில் தொங்கியது. ஒருமுறை கத்தி கையைக் கிழித்தபோது, அதைப் படித்த மருத்துவர் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து தையலிட்டார்.

சென்ற வாரம், எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் தொழிற்சாலையைச் சோதிக்கும் ஆடிட். மேலாளர் வந்தார்.

"அருளண்ணா, அந்தச் சீட்டை மட்டும் எடுத்துருங்க. போதைக்காரன் கத்தி புடிக்கறான்னு எழுதிட்டா ஆர்டர் போயிருமுங்க."

"கத்தியத்தான புடிக்கேன், பாட்டிலையா?" என்றபடியே சீட்டை மட்டும் உருவி என்னிடம் கொடுத்தார். இழுப்பறையில் வைத்துப் பூட்டியவள் நான்.

மதியம் துணி ரோல்கள் சரிந்து அவர் மார்பில் விழுந்தன. மேலாளரே மருத்துவமனைக்குக் காரில் ஏற்றினார். சீட்டை நினைவூட்டினேன்.

"நான் சொல்லிக்கறனுங்க. நீங்க வேலையப் பாருங்க."

மேலாளர் அங்கே சொல்லவில்லை. அருளப்பன் அவர்களே சொன்னார், கையில் ஆதாரமில்லை. போட்ட ஊசி பலிக்கவில்லை என்றார். போதைக்கு நடிக்கிறார் என்றார்கள். அவருடைய மாத்திரையையும் நிறுத்தினார்கள். மீண்டு வந்ததற்குச் சான்றான மாத்திரையே குற்றச்சாட்டாயிற்று. வலிக்கிறது என்பவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும் உரிமையை இவர்களுக்கு யார் கொடுத்தார்கள்? மூச்சை இழுக்கவும் இருமவும் முடியாமல் இரண்டு நாள் கிடந்தார்.

ஆடிட் முடிந்த மூன்றாம் நாள், இதைக் கேள்விப்பட்டுச் சீட்டுடன் போனேன். பெரிய மருத்துவர் படித்தார், சீட்டில் முத்திரையிட்ட மருத்துவரை அழைத்தார், மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார், விலாப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டார். வலி தணிந்தது. ஆனால் சளி அதற்குள் நெஞ்சை நிறைத்திருந்தது.

"சாவியத் தொலைச்சிட்டியளோன்னு நெனச்சேன், டீச்சர்," என்று சிரித்தார். மேலாளரை நம்பியதற்கு எனக்கு நானே இன்னும் பதில் சொல்லவில்லை.

இறுதிச் சடங்குக்கு மேலாளர் மலர்வளையத்தோடு வந்திருந்தார். "கம்பெனி ஐடி கார்டை மட்டும் குடுத்துருங்கம்மா," என்றார். மருத்துவமனையில் தந்த அவருடைய பொருள்களிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நான்கு வரிச் சீட்டை அருளப்பன் அவர்களின் சட்டைப் பையில், வெளியே தெரியும்படி செருகினேன்.

போய் வாருங்கள், அண்ணா. இனி அதைக் கழற்றச் சொல்ல எவராலும் ஆகாது.