ஸ்கேலக்கா போட்ட கையெழுத்து

எங்கள் மருந்துக் கிடங்கில் அவள் நிஜப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஸ்கேலக்கா என்றால் வாட்ச்மேன்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஒன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. திரும்பப் பெற வேண்டிய மருந்துகள் என்று அரசின் இணையப் பக்கத்தில் நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். அன்று வண்டியில் ஏறும் பெட்டிகளின் பேட்ச் எண் எதுவும் அதில் இல்லை என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். திரையில் மர ஸ்கேலை வைத்து வரிவரியாகப் படிப்பாள். “மானிட்டருக்குச் சட்டை தைக்க அளவெடுக்கறீங்களாக்கா?” என்று கிண்டலடித்தது நான்தான்.

பிரவுசரில் எண்களைத் தேடித் தரும் ஒரு எக்ஸ்டென்ஷனைப் போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஐம்பது எண்களை மொத்தமாக ஒட்டினால் போதும். பக்கத்தில் இருப்பதைக் கலர் கலராகக் காட்டி, எத்தனை என்றும் சொல்லிவிடும். இரண்டு மணி நேர வேலை இரண்டு நிமிடமானது. ஸ்கேல் டிராயருக்குள் போனது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. பூஜ்யம் என்று வந்தது, கையெழுத்துப் போட்டாள், வண்டி கிளம்பியது. அரை மணி கழித்து டீயைக் கையில் எடுத்தவள் திரையையே பார்த்தாள்.

“ஏம்ப்பா, ஓரத்துல இருக்கற இந்த ஸ்க்ரோல் பட்டை முன்னெல்லாம் கடுகு மாதிரி இருக்குமே. இப்ப ஏன் இவ்ளோ நீளம்?”

பட்டை நீளமென்றால் பக்கம் குட்டை என்று அர்த்தம்; நான் கீழே உருட்டினேன். பக்கத்தின் அடியில் ‘மேலும் காட்டு’ என்று ஒரு பொத்தான். திறந்திருந்தது தலைப்பகுதி மட்டும்தான். திறக்காததை எக்ஸ்டென்ஷன் எங்கே தேடும்? ஸ்கேல் காலத்தில் அதை அமுக்காமல் அவள் கடைசி வரிக்குப் போயிருக்கவே முடியாது.

அமுக்கினாள். ஒரு வரி சிவப்பாக வந்தது. குழந்தைகளுக்குப் போடும் ஊசி மருந்து. கண்ணாடித் துகள் கலந்திருக்கிறதாம்.

வண்டி ஓட்டுவது அவள் வீட்டுக்காரர். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைத் தொடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியவளே இவள்தான். முதல் நிறுத்தம் குழந்தைகள் கிளினிக். அங்கே நர்ஸ் எடுத்தார்.

“வண்டி வந்துட்டுப் போயாச்சே. பெட்டியப் பிரிச்சாச்சு.”

“யாருக்காவது போட்டீங்களா?”

“இருங்க, பாத்துட்டு வரேன்.”

அவள் நகம் என் கையில் பதிந்தது. நானும் விடுவித்துக்கொள்ளவில்லை.

“டாக்டர் சிரிஞ்சுல ஏத்திட்டார். இன்னும் போடல.”

“கீழ வைக்கச் சொல்லுங்க! வைக்கச் சொல்லுங்க!” கிடங்கே திரும்பிப் பார்த்தது.

அப்புறம்தான் வீட்டுக்காரர் கூப்பிட்டார். “பதினாலு மிஸ்டு காலா? நீதானே எடுக்கக் கூடாதுன்ன?”

“சரியாத்தான் செஞ்சீங்க. மிச்சப் பெட்டிய இறக்காம திரும்பி வாங்க” என்றவள் அழுதுவிட்டாள்.

மேனேஜரிடம் அவளே போய் ஒப்புக்கொண்டாள். என் பேச்சையே எடுக்கவில்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. அப்போதுதான் உறைத்தது: மூன்று வாரமாக இப்படியே வெளியே போன எண்கள் எழுநூறு இருக்கும். பக்கத்தைக் கடைசிவரை திறந்து, அத்தனையையும் ஒட்டினேன்.

“இன்னைக்கு மாட்டுன அந்த ஒண்ணு மட்டும்தான்க்கா! வேற ஒண்ணுமே இல்ல!”

அவள் என்னைத் திட்டவில்லை. டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்து, திரையில் முதல் வரிக்குக் கீழே வைத்தாள்.

“அனுப்புன பட்டியலை எடுத்துட்டு வா” என்றாள். “நான் வாசிக்கறேன். நீ தேடு.”