கரடியின் கைக்கட்டு

2024 ஜூன் 12, புதன்கிழமை. இராஜபாளையத்தில், உள்ளே தாழிட்ட ஒரு வீட்டில், பட்டப்பகலில் நடந்தது இது. கூட்டியோ குறைத்தோ ஒன்றும் எழுதப்படவில்லை.

பழைய பொம்மைகளைச் சீராக்குவது, தனியாக வாழும் வேலுத்தாய்க்கு ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு. முந்திய ஞாயிறன்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவரஞ்சனி ஒரு கரடி பொம்மையைக் கொண்டுவந்தாள். சென்ற ஆண்டு காய்ச்சலில் இறந்துபோன அவளுடைய சிறு மகள் கார்த்திகாவின் பொம்மை.

“ஒங்களப் பொம்மை டாக்டருன்னு சொல்றாக. இத மட்டுமாவது பொழைக்க வச்சிருங்கம்மா. அவளுதுன்னு இது ஒண்ணுதான் கிடக்கு.”

“பஞ்சு மாத்தணும். பொறவு துவைக்கணும். ஒரு வாரம் கழிச்சு வா.”

கரடியின் இடக்கையில், புண்ணுக்குச் சுற்றும் காஸ் துணியாலான அழுக்கேறிய கட்டொன்று இருந்தது. வேலுத்தாய் அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே கிழிசல் எதுவும் இல்லை. நைந்த இடங்களுக்கு உட்புறமாகப் புதுக் காஸ் கொடுத்துத் தைப்பதே அவர் வழக்கம். மருத்துவக் காஸ் துணி நெய்யும் இந்த ஊரில் அதற்கு என்ன பஞ்சம்? பழைய கட்டு குப்பைக்குப் போயிற்று.

திங்கட்கிழமை காலை, கரடியின் கையில் புதிய கட்டு.

தாமே சுற்றிவிட்டு மறந்திருக்கலாம் என்றெண்ணி அவிழ்த்தார். செவ்வாயன்றும் கட்டு இருந்தது. முடிச்சின் நுனியில் ஈரம்... சின்னஞ்சிறு பல்தடங்கள். நடுவே ஒரு பல்லின் இடம் மட்டும் வெறுமை.

வாசல் தாழ் போட்டபடியே இருந்தது.

புதனன்று கரடியின் காதைத் தைக்கையில் ஊசி விரலில் ஏறிவிட்டது. இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, உண்ட பின் சற்றே கண்ணயர்ந்தார்.

பிற்பகல் 2.40.

சர்ர்ர்... காஸ் கிழிபடும் ஓசை.

கண்ணைத் திறக்க இயலவில்லை.

விரலருகே மூச்சு... காய்ச்சல்காரர் மூச்சைப் போன்ற சூடு.

பிறகு அமைதி.

எழுந்தார்.

விரலில் கட்டு.

நுனியில்... ஈரம்.

மறுநாள் சிவரஞ்சனியை வரவழைத்து விரலைக் காட்டினார். முடிச்சைக் கண்டதும் அவள் அந்த விரலைப் பற்றி அருகில் இழுத்துப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரில கார்த்திகாவுக்கு வலது கையில ட்ரிப்ஸு. எடது கையும் பல்லும் வச்சுத்தான் கரடிக்குக் கட்டுவா. ஊசி போட வந்த நர்சையே உக்கார வச்சுக் கட்டுப் போட்டா. முன்பல்லு ஒண்ணு விழுந்ததும் அங்கதாம்மா.”

சிவரஞ்சனி முடிச்சின் நுனியைத் தடவினாள்.

“என் வீட்டுக்கு ஒரு நாளும் வரலியே. எம்புட்டு நாளு முழிச்சுக் கிடந்தேன் தெரியுமா?”

“கரடியக் கொண்டு போ, தாயி. அங்கயும் வருவா.”

“வேண்டாம்மா. கொண்டு போயும் வரலேன்னா?”

வேலுத்தாய் காபி கலந்துகொண்டு திரும்பியபோது, சிவரஞ்சனி கரடியின் பக்கத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவளுடைய ஒரு கையின் ஐந்து விரல்களிலும், அவளே ஊசியால் குத்திக்கொண்ட இரத்தம்.

இறுதியில் முடிவானது இதுதான். கரடி இராஜபாளையத்திலேயே இருக்கும். சிவரஞ்சனி பிற்பகல்களில் பஸ்ஸேறி வந்து, அந்த அறையில் படுத்துக்கொள்வாள். அவள் வருவதற்கு முன்பே ஊசிகளையெல்லாம் வேலுத்தாய் பூட்டி வைத்துவிட வேண்டும்.