சீவிய உரித்தும் இரண்டாவது வங்குரோத்தும்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை 8.40. முதல் நாள் பிடித்த மழை விடவில்லை. மருதனார்மடம் சந்தியில் கணுக்கால் வரை தண்ணீர். என் அறைக்கு முதல் ஆளாக வந்தவர் சண்டிலிப்பாய் யோகராணி. ஒரு பொலித்தீன் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் மூன்றாவது பை. அதற்குள் ஒரு காணி உறுதிப் பத்திரமும் கனடாவிலிருந்து வந்த நான்கு பக்கக் கடிதமும் இருந்தன.

ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றபின் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரானேன். இன்றுவரை 4,318 ஆவணங்களில் என் முத்திரை விழுந்திருக்கிறது. இத்தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, முத்திரை குத்தாத ஒரு பேச்சால் வந்த வினையை எழுதுகிறேன்.

1. கடிதம்

யோகராணியின் தம்பி நேசன் ரொறன்ரோவில் உணவுக்கடை நடத்தி நொடிந்துபோனார். அது அவருடைய இரண்டாவது வங்குரோத்து. முதலாவது 2015இல். அந்நாட்டில் முதல் தடவைக்காரருக்கு, வருமானம் குறைவாக இருந்து யாரும் எதிர்க்காவிட்டால், ஒன்பது மாதத்தில் கடன் விடுதலை தானாகக் கிடைத்துவிடும். இரண்டாம் தடவை என்றால் குறைந்தது இருபத்துநான்கு மாதம். வருமானம் கூடினால் முப்பத்தாறு. கடன் கொடுத்தவர்களுக்காகச் சொத்தைப் பொறுப்பெடுக்கும் நிர்வாகி எதிர்த்தால் நீதிமன்றம்தான் முடிவு சொல்லும்.

நேசனுக்கு இலங்கையில் காணி இருப்பதாக யாரோ அந்த நிர்வாகிக்குச் சொல்லிவிட்டார்கள். உறுதியின் மொழிபெயர்ப்பை முப்பது நாளுக்குள் அனுப்பும்படி கடிதம் கேட்டது.

"ஆர் சொன்னதெண்டு தெரியும் சேர். தம்பியோடை சேர்ந்து கடை போட்ட உவன்தான்," என்றார் யோகராணி.

2. உறுதி

உறுதியைப் பிரித்தேன். தாய் தன் வீட்டையும் இரண்டு பரப்புக் காணியையும் 2009இல் மகன் நேசனுக்கு நன்கொடையாக எழுதி, சாகும்வரை அனுபவிக்கும் சீவிய உரித்தைத் தனக்கு வைத்திருந்தார். தாய் 2020இல் இறந்தார். அந்த வீட்டில் இப்போது யோகராணியும் அவருடைய இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

2009 என்ற திகதியைத் திரும்ப வாசித்தேன். 2015இல் நேசன் விளக்கம் கேட்டு அனுப்பிய முதல் வங்குரோத்துப் படிவத்தை யோகராணிக்கு வாசித்து விளக்கியவன் நான்தான். வெளிநாட்டில் சொத்து உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. என்ன போடுவது என்று அவர் கேட்டார். நான் சொன்னேன்: "கொம்மா இருக்குமட்டும் அது கொம்மான்ரை காணிதானே பிள்ளை. இல்லையெண்டு போடச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். சட்டம் அப்படி இல்லை. நன்கொடையை ஏற்றுக்கொண்ட அன்றே காணி மகனுடையது. தாய்க்கு மிஞ்சுவது சாகும்வரை இருந்து அனுபவிக்கும் உரிமை மட்டும். 2015க்கு முன்னமே சீவிய உரித்து என்ற சொல்லை நூற்றுக்கு மேற்பட்ட உறுதிகளில் மொழிபெயர்த்தவன் நான். தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"சேர், அந்த 2009ஐ மட்டும் விட்டிட்டு எழுதேலாதோ? அம்மா செத்தாப்பிறகு வந்த காணியெண்டு நினைக்கட்டும். அப்ப முதல் படிவத்திலை பிழையில்லைத்தானே?"

"ஏலாது பிள்ளை. நான் சீல் அடிக்கிறது ஒவ்வொரு சொல்லுக்கும்."

"அப்ப 2015இலை வாயாலை சொன்னதுக்கும் சீல் அடிச்சனீங்களோ?"

நான் உறுதியை மடித்து மேசையில் வைத்தேன். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது.

3. நேசன்

யோகராணி தன் போனில் தம்பியைக் கூப்பிட்டுத் தந்தார்.

"நீங்கள் சொல்லித்தான் போட்டனான் சேர். ஆனா கையெழுத்து என்ரை. முதல் விடுதலையையே ரத்துச் செய்யலாமாம். அப்ப பழைய கடனும் திரும்பி வந்து ஏறும். எனக்கு ஐம்பத்துமூண்டு வயசு, லொறி ஓடிக் கட்டலாம். அக்காவைப் பிள்ளையளோடை வீட்டாலை எழுப்பிப் போடாமல் ஏதும் செய்யேலுமோ?"

நான்கு நாள் யோசித்தேன். அந்த நான்கு நாளில் பதினேழு தடவை பிரஷர் பார்த்தேன். ஒரு தடவைகூட நூற்றைம்பதுக்குக் கீழே இறங்கவில்லை. உண்மையை எழுதினால் என் பதிவு போகலாம். எழுதாவிட்டால் அந்த மனிதன் வேண்டுமென்றே ஒளித்தவன் ஆவான்.

ஐந்தாம் நாள் உறுதியை ஒரு சொல்லும் விடாமல், 2009 என்ற திகதியோடு மொழிபெயர்த்தேன். கூடவே ஒரு சத்தியக் கடதாசி எழுதினேன். காணி தாயுடையது என்று 2015இல் தவறாகச் சொன்னவன் நான், அதை நம்பியே அவர் இல்லை என்று எழுதினார் என்பது அதன் சாரம். சமாதான நீதவான் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"மாஸ்டர், தனக்கெதிராத் தானே சாட்சி சொல்லுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

காணிக்கு விலை மதிப்பு அறிக்கையும் நிர்வாகி கேட்டார். யோகராணியிடம் அதற்குக் காசில்லை. நான் கட்டினேன்.

4. காத்திருப்பு

வாசலில் கூரியர் மோட்டார் சைக்கிள் நின்றால், என் பதிவை ரத்துச் செய்யும் கடிதமோ என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். பெரும்பாலும் பக்கத்துத் தையல்கடைக்குத்தான் வந்திருக்கும். இருந்தாலும் அடுத்த அரை மணித்தியாலம் வேலை ஓடாது. அப்படி ஒரு கடிதம் இன்றுவரை வரவில்லை.

மொழிபெயர்ப்பை அனுப்பிய எழுநூற்றேழாம் நாள் யோகராணி வந்தார். நிர்வாகி எதிர்த்திருந்தார், விசாரணை நடந்தது. ஒளிக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு முதல் விடுதலையைத் தொடாமல் விட்டது. ஆனால் காணியின் பெறுமதியை மாதம் அறுநூறு டொலராக முப்பத்தாறு மாதம் நேசன் கட்ட வேண்டும். அதன் பிறகுதான் இரண்டாவது விடுதலை. காணி அவரிடமே இருக்கும்.

"வீடு தப்பீட்டுது சேர். இனி உங்களிட்டை எழுதத்தான் தருவன். ஒண்டும் கேக்கமாட்டன்."

"அதுதான் சரி பிள்ளை," என்றேன்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கொண்டுவரும் கடிதத்தில் ஒரு கேள்வி இருந்தால் கேள்வியை மொழிபெயர்த்துக் கொடுங்கள். பதிலைச் சொல்லாதீர்கள். அதற்குச் சட்டத்தரணியிடம் அனுப்புங்கள்.

அந்தப் பேச்சுக்கு என் கணக்கு இது: விலை மதிப்பு அறிக்கைக்கு 35,000. கூரியர் இரண்டு தடவை, 9,850 உம் 11,420 உம். சத்தியக் கடதாசிக்கு 2,750. 2015இல் வாங்கி, இப்போது யோகராணியிடம் திருப்பிக் கொடுத்த கூலி 1,800. இம்முறை வாங்காமல் விட்ட கூலி 6,500. நேசன் கட்டுவது இதில் சேராது. மொத்தம் ரூபாய் 67,320.