அண்டாவுக்கு ஓட்டை போட்ட கதை

போன சனிக்கிழமை எங்க வீட்டுக் கொல்லையில ஒரு அண்டா தண்ணி கொதிச்சுது.

இதுல என்ன விசேஷம்னு கேக்குறீங்களா? இருக்கு சார், இருக்கு! அடியில நெருப்பே இல்லை. கேஸ் இல்லை, விறகு இல்லை, ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கலை. சுவிட்சைத் தட்டினேன்... முக்கால் மணி நேரத்துல இருபத்தஞ்சு லிட்டர் தண்ணி தளதளன்னு கொதிக்குது! நான் கொல்லையில குதிக்கிறேன். ஐம்பத்திரண்டு வயசுல!

விஷயத்துக்கு வர்றேன். சித்தூர்ல எங்க சபையில கிறிஸ்துமஸ் காலை ஆராதனை முடிஞ்சதும், வாசல்லயே எல்லாருக்கும் கேக்கும் ஒரு சின்ன கிளாஸ் இஞ்சி ஒயினும் கொடுப்போம். ஒயின்னதும் சப்புக் கொட்டாதீங்க — போதை கிடையாது. இஞ்சி, காய்ஞ்ச மிளகாய், பட்டை, கிராம்பு, சர்க்கரை, எலுமிச்சம்பழம். தொண்டையில சுரீர்னு இறங்கும், அவ்வளவுதான்.

பதினெட்டு வருஷமா அதைக் காய்ச்சுறது என் மனைவி எஸ்தர். அதுல அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கரண்டியை எடுத்த கைதான் கடைசியில அண்டாவை இறக்கணும். நடுவுல கை மாறினா ருசி கெட்டுடுமாம். காய்ச்சும்போது யாராவது ‘நான் கொஞ்சம் கிண்டட்டுமா’ன்னு கிட்ட வந்தா, அதே கரண்டியை ஓங்குவா.

போன டிசம்பர்ல அவ ஒயின் காய்ச்சுற பெரிய கேஸ் அடுப்புல டியூப் கழண்டுக்கிச்சு. குப்புனு தீ. அவ முந்தானையில பிடிச்சு, பக்கத்து வீட்டுக்காரர் ஈரச் சாக்கை வீசித்தான் அணைச்சார். மணிக்கட்டுல இருந்து முழங்கை வரை தழும்பு. தழும்பு ஆறிடுச்சு... பயம் ஆறலை. இன்னிக்கும் சமையக்கட்டு அடுப்பை நான் பத்த வெச்சாத்தான் அவ பக்கத்துல வருவா. சபைக்கும் சொல்லிட்டா, “இந்த வருஷம் என்னால ஆவாது. கடையில சர்பத் வாங்கிக்கோங்க.”

சர்பத்! அதைச் சொல்லிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

அந்த நேரத்துலதான் குவைத்துல எலக்ட்ரீஷியனா இருக்கிற என் மச்சான் டேனியல், எஸ்தருக்குத் தம்பி, லீவுல வந்தான். எல்லாரும் சென்ட்டும் கம்பளியும் கொண்டு வருவாங்க. இவன் பெட்டியில மூணு கிலோவாட் ஹீட்டர் காயில்!

“நெருப்புதானே அக்காவுக்குப் பயம் மாமா? நெருப்பே வேணாம். அண்டாவுல ஒரு ஓட்டை போட்டு இதை மாட்டிடலாம்.”

ஓட்டையா? எஸ்தர் அண்டாவுலயா? சித்தூர்ல ரெண்டு பட்டறையில மாட்டேன்னுட்டாங்க. சரின்னு அண்டாவைத் தூக்கிக்கிட்டுத் திருப்பதி பஸ் ஏறினோம். பக்கத்து சீட்டுப் பெரியவர் அண்டாவைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டு, “மலைக்குக் காணிக்கையா?”ன்னு கேட்டார். மனசு நோகக்கூடாதேன்னு சிரிச்சு வெச்சேன்.

திருப்பதிப் பட்டறைக்காரரும் அண்டாவைத் தட்டிப் பார்த்துட்டு, “ஏமி சார், மஞ்சி அண்டாகு ஹோல் எந்துகு?”ன்னு அங்கலாய்ச்சார். நல்ல அண்டாவுக்கு எதுக்கு ஓட்டைன்னு! ஆனா போட்டார். ரப்பர் வாஷர், நட்டு, ஒரு சொட்டு ஒழுகலை. டேனியல் மீட்டர் போர்டுல இருந்து தனி லைன் இழுத்தான், ட்ரிப் சுவிட்ச் வெச்சான், கொல்லையில குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டி எர்த் போட்டான். நான் டார்ச் பிடிச்சேன். பெரிய உத்தியோகம்!

அப்புறம்தான் அந்த சனிக்கிழமை. நான் குதிச்சதை ஜன்னல் வழியா எஸ்தர் பார்த்தா. “தண்ணி கொதிக்கிறதுக்கா இந்த ஆட்டம்?”ன்னுட்டு உள்ளே போயிட்டா. கிட்ட வரலை.

திங்கக்கிழமை டேனியல் பங்காருபாளையத்துல மாமியார் வீட்டுக்குப் போயிட்டான். எனக்கோ கை பரபரங்குது. நானே காய்ச்சிட்டா என்ன? இஞ்சியை நசுக்கினேன், மிளகாயைக் கிள்ளினேன். அண்டாவுல பச்சைத் தண்ணி, அதுல எல்லாத்தையும் கொட்டி, மேல சர்க்கரையையும் மொத்தமாக் கொட்டி, சுவிட்சைத் தட்டிட்டு, கரண்டியோட கம்பீரமா நின்னேன். கிண்டத்தான் மறந்துட்டேன்.

கரையாத சர்க்கரை எங்க போகும்? நேரா அடியில, காயில் மேல போய் உக்காந்துச்சு. கால் மணி நேரத்துல கருகல் வாசனை... அப்புறம் புகை.

“இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? சுவிட்சை ஆஃப் பண்ணுங்க!”

திரும்பிப் பார்க்கிறேன், கொல்லைப்படியில எஸ்தர்! விறுவிறுன்னு வந்து அண்டாவுக்குள்ள எட்டிப் பார்த்தா.

“சக்கரைய யாரு இப்பவே போடச் சொன்னது? இஞ்சி கொதிச்சு, வடிகட்டி, கடைசியிலதானே போடணும்? பதினெட்டு வருசமா வாங்கி வாங்கிக் குடிச்சீங்களே, ஒரு நாளாவது பார்த்தீங்களா?”

“அவசரத்துல...”

“கொட்டுங்க இத்த. அண்டாவத் தேய்ங்க. அந்தக் கம்பியையும் தேய்ங்க!”

தேய்ச்சேன். சாம்பலும் புளியும் போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சேன். அவளே புதுசா இஞ்சி நசுக்கினா. தண்ணி ஊத்தினா. சுவிட்ச் கிட்ட போனவ ஒரு நிமிஷம் நின்னா. தழும்புக் கையைப் பார்த்தா.

“ஷாக் அடிக்காதில்ல?”

“எர்த்துக்கு மூணு படி உப்பு கொட்டியிருக்கான் உன் தம்பி.”

தட்டினா! தண்ணி லேசா முனகுச்சு. என் கையில இருந்து கரண்டியை வெடுக்குனு பிடுங்கினா.

“தள்ளுங்க. இனிமே இது என் கை.”

மூணு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரலை சார்! சுவிட்சை அணைச்சு, வடிகட்டி, சர்க்கரையைக் கரைச்சு, அவ கையாலயே அண்டாவை இறக்கினா. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இஞ்சிக் காரம்னு சொல்லி வெச்சேன்.

நேத்து டேனியல் கேக்குறான், “மாமா, அக்காவ வெளிய வரவைக்க வேணும்னேதான தீய்ச்சீங்க?”

ஆமாம்னுட்டேன்.