இரவு வேலை பார்த்த கீத்

டெல்லா ஹெப்வொர்த்துக்கு அப்போது இருபத்தாறு வயது. பல்செட் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாள். மேல்வரிசை, கீழ்வரிசை, ஒற்றைப் பல் என்று ஒரு நாளைக்கு எட்டுப் பத்து வாய்களுக்கு வேண்டியது அவள் கையிலிருந்து போகும். யாரோடு பேசினாலும் முதலில் அவர்கள் பல்லைத்தான் பார்ப்பாள். என்னிடம் அவள் பேசிய முதல் வாக்கியமே, "உங்க கோரைப்பல்லு சொந்தமா, வெச்சதா?" என்பதுதான். சொந்தம் என்றேன். "அப்ப விட்டுராதீங்க" என்றாள்.

ஆல்டன்ஷா நூலகத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதோறும் நான் ஆலோசனை மேஜையில் உட்காருவேன். வாடகை, மின்கட்டணம், ஜப்தி என்று ஏதாவது தாளோடு வருகிறவர்களுக்குப் பதில் எழுதிக் கொடுப்பது வேலை. சம்பளம் கிடையாது, பிஸ்கட் உண்டு. டெல்லா வந்தது ஒரு நவம்பர் மாதத்தில். பில் வந்த அன்றைக்கே பணம் கட்டிவிடுகிற ரகம் அவள். நூலகத்துக்குக்கூட ஒரு நாள் அபராதம் கட்டியதில்லை. அப்படிப்பட்டவள் வீட்டுக்குத்தான் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜப்திக்குக் கோர்ட் அமீனா வந்திருந்தார்.

அமீனாவின் பெயர் ட்ரெவர் ஓல்ட்ராய்ட். கதவை மூன்று தரம் தட்டியிருக்கிறார். டெல்லா உள்ளேயிருந்து இழுத்துப் பார்த்தாள். அந்த வாரம் முழுக்கப் பெய்த மழையில் கதவு ஊறி, சட்டத்தோடு இறுகிப் போயிருந்தது. குனிந்து தபால் துவாரம் வழியாகப் பேசினாள்.

"யாருங்க?"

"டெல்லா ஹெப்வொர்த் இருக்காங்களாம்மா?"

"நான்தான். கதவு வரமாட்டேங்குது, மழைக்கு ஊதிக்கிச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் தோள் குடுத்துத் தள்ளுறீங்களா?"

வெளியே காலடி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தது.

"நான் அமீனாம்மா. நான் தள்ளக் கூடாது. நீங்களா தொறந்து விட்டாத்தான் உள்ள வரலாம்."

"அப்ப தள்ளாதீங்க."

"தள்ளல."

அந்தக் கதவுதான் அவளைக் காப்பாற்றியது. திறந்து விட்டிருந்தால் அவர் உள்ளே வந்து சோபா, டிவி எல்லாவற்றையும் பட்டியல் போட்டிருப்பார். இது டெல்லாவுக்கு அப்போது தெரியாது. அமீனா தாளைப் படித்தார். நான்கு வருடத்துக்கு முன் ஃபில்பர்ட் தெரு ஒன்பதாம் எண் வீட்டுக்கு வீட்டு வரி கட்டவில்லை. கோர்ட் செலவு, தன் கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து நானூற்று அறுபது பவுண்டு.

"ஐயா, அப்ப நான் மாணவி. அந்த வீட்டுல இருந்த நாலு பேருமே மாணவங்க. மாணவங்க மட்டும் இருக்குற வீட்டுக்கு வரியே கெடையாதே!"

"நாலு பேர் இல்லம்மா, அஞ்சு பேர். அஞ்சாவது ஆள் மாணவர் இல்ல. வேலைக்குப் போறவர். கீத் பாஸ்வெல்னு போட்டிருக்கு. அவர் உங்ககிட்ட உள்வாடகைக்கு இருந்ததால, வாடகைப் பத்திரத்துல பேர் இருக்குற நீங்கதான் கட்டணும்."

டெல்லா தபால் துவாரத்தை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பவும் திறந்தபோது அவர் அங்கேயே குனிந்து நின்றார்.

"கீத் இப்பவும் உங்ககூடதான் இருக்காராம்மா?"

"இருக்கான். உங்களுக்கு இடப்பக்கம் ஜன்னல்ல உக்காந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கான்."

காலடிச் சத்தம் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி வந்தது.

"அங்க ஒரு பூனைதாம்மா இருக்கு."

"அதான் கீத்."

பிறகு பேனா கிறுக்குகிற ஓசை. "எங்கிட்ட இருக்குற தாள்ல பூனைன்னு போடலையேம்மா" என்றார் ட்ரெவர், உண்மையான வருத்தத்தோடு. அவர் 'ச' சொல்லும்போதெல்லாம் விசில் அடித்தது. அந்த நிலைமையிலும் டெல்லா, "உங்க மேல்செட் லூசா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். "தெரியும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நடந்தது இதுதான். அந்த வருடம் நகரசபையிலிருந்து, வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. அதை நிரப்பியவன் கூடக் குடியிருந்த ரூஃபஸ் பாஸ்வெல். நான்கு பெயரை எழுதியவன், ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று பூனையின் பெயரைத் தன் குடும்பப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டான். 'மாணவரா?' என்ற இடத்தில், 'இல்லை. இரவு வேலை.' அதற்குப் பிறகு வந்த பில்லும், எச்சரிக்கையும், கோர்ட் சம்மனும் எல்லாமே ஃபில்பர்ட் தெருவுக்கே போயின. டெல்லா அதற்குள் இரண்டு வீடு மாறிவிட்டாள். கீத்தை மட்டும் கூடவே கொண்டுபோனாள்.

ரூஃபஸ் இப்போது வேறு ஊரில் புவியியல் வாத்தியார். அவனுக்கு ஃபோன் செய்தபோது நான்கு நிமிடம் சிரித்தானாம். டெல்லா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள்.

நகரசபைக்கு என் மேஜையிலிருந்துதான் ஃபோன் செய்தோம். ஐம்பது நிமிடம் இசை. பிறகு மோரீன் என்ற அம்மாள் பேசினார். நல்ல குரல்.

"சொல்லு கண்ணு. அந்தக் கீத்து மாணவரா?"

"இல்லைங்க, அவன் பூனை."

"வீட்ட விட்டுப் போயிட்டாரா? காலமாயிட்டாரா?"

"இல்லைங்க. பூனைங்க அவன். மியாவ்!"

"புரியுது கண்ணு. ஆனா அதுக்கு இங்க கட்டம் இல்ல. கட்டம் இல்லாததுக்கு நான் எங்க டிக் போடுறது?"

ரூஃபஸை எழுதித் தரச் சொன்னேன். எழுதினான்: விளையாட்டுக்காகப் பொய் எழுதியது நான்தான், கீத் பூனை, மன்னிக்கவும். மூன்று வாரத்தில் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று ரூஃபஸுக்கு: படிவத்தில் பொய் எழுதியதற்காக எழுபது பவுண்டு அபராதம். இன்னொன்று டெல்லாவுக்கு: பொய் எழுதியதாகத் தானே ஒப்புக்கொள்ளும் ஒருவருடைய கடிதத்தை ஆதாரமாக ஏற்பதற்கில்லை. இரண்டிலும் ஒரே கையெழுத்து. ரூஃபஸ் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாட்களில் டெல்லா பாதி ஆளாகிவிட்டாள். தெருவில் எந்த வண்டி நின்றாலும் எழுந்துபோய்ப் பார்ப்பாள். பகலிலும் திரையை இழுத்துவிட்டே இருந்தாள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள், "பணம் காசு கஷ்டம்னா சொல்லும்மா, வெக்கப்படாத" என்று பரிவாகச் சொன்னதற்கு வீட்டுக்குள் போய் அழுதாள். "நான் ஒண்ணும் பண்ணலைங்க. ஆனா பண்ணவ மாதிரி நடக்குறேன். எனக்கே தெரியுது" என்றாள் என்னிடம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ட்ரெவர் மறுபடியும் வந்து, வாசலில் நின்ற அவள் காருக்குச் சக்கரப் பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். அவர் சட்டப்படிதான் செய்தார். வீட்டுக்கு வெளியே இருப்பதைத் தொட அவருக்கு யார் அனுமதியும் வேண்டாம். வேலைக்கு அவசியமான வண்டி, விடுவிக்க வேண்டும் என்று நான் எழுதினேன். பதிலாக எழுபத்தாறாம் எண் பஸ்ஸின் கால அட்டவணை வந்தது.

ஆகவே டெல்லா பஸ்ஸில் போனாள். பட்டறையிலிருந்து பல் மருத்துவர்களிடம் பல்செட்களைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலைதான். மூன்றாம் நாள் வளைவில் பஸ் திரும்பியபோது மடியிலிருந்த பெட்டி நழுவி, இருபத்திரண்டு செட் பல்லும் பஸ் நெடுகச் சிதறின. ஓட்டுநர் நிறுத்திவிட்டார். எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். ஒரு பெரியவர் தன் காலடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தன் வாயைத் தொட்டுப் பார்த்து, "இல்ல இல்ல, என்னுது இங்கதான் இருக்கு" என்றார். ஒரு செட் கிடைக்கவேயில்லை. அதை இரவோடு இரவாக மறுபடி செய்தாள்.

எனக்கு வழி தோன்றியது கீத்தின் தடுப்பூசி அட்டையைப் பார்த்தபோதுதான். பிறந்த தேதி போட்டிருந்தது. அந்த வரி வருடத்தில் கீத்துக்கு மூன்று வயது. பதினெட்டுக்குக் கீழே இருந்தால் ஆள் கணக்கில் வராது. அதற்குக் கட்டமும் இருக்கிறது. பூனை என்ற பேச்சையே எடுக்காமல், வயதை மட்டும் எழுதி, அட்டையின் நகலை இணைத்து அனுப்பினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சி அன்று இரண்டு பிஸ்கட் அதிகமாகத் தின்றேன்.

ஐந்தாம் நாள் மோரீன் என்னையே கூப்பிட்டார்.

"வரிய நிறுத்தி வெச்சாச்சு. ஆனா ஒரு சங்கடம்."

"என்ன?"

"மூணு வயசு. அப்பா அம்மா இல்ல. நாலு மாணவங்களோட வீட்டுல உள்வாடகை. இதுல ராத்திரி வேலை வேற. நான் இத எப்புடிப்பா சும்மா விடுறது? குழந்தைங்க நலப் பிரிவுக்கு அனுப்பிட்டேன். அனுப்பித்தான் ஆகணும், அது சட்டம்."

"மோரீன், அது பூனைன்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும்ப்பா. கம்ப்யூட்டருக்குத் தெரியாதே."

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்குக் குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து வெரோனா கிளார்க் என்ற அதிகாரி வந்தார். டெல்லா கேட்டுக்கொண்டதால் நானும் அங்கே இருந்தேன். கதவை நானும் டெல்லாவும் சேர்ந்து இழுத்துத் திறந்தோம். வெரோனா பையில் வண்ணம் தீட்டும் புத்தகமும் மெழுகுப் பென்சில்களும் வைத்திருந்தார்.

"கீத்த நான் பாக்கணும்" என்றார்.

டெல்லா சோபாவைக் காட்டினாள். வெரோனா சோபாவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். கையிலிருந்த கோப்பைத் திறந்து முதல் பக்கத்தை முழுக்க ஒரு தரம் படித்தார்.

"இன்னிக்கு எனக்கு இது ஆறாவது வீடு" என்றார் மெதுவாக. "முன்னாடி அஞ்சு வீட்டுல என்னெல்லாம் பாத்தேன்னு உங்களுக்குச் சொல்ல முடியாது."

"மன்னிச்சுக்குங்க" என்றாள் டெல்லா. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"நீங்க எதுக்கு மன்னிப்புக் கேக்குறீங்க? சரி, வந்தது வந்தாச்சு. விதிப்படி குழந்தையத் தனியாப் பாத்துப் பேசணும். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க."

நாங்கள் சமையலறைக்குப் போனோம். கதவைச் சாத்திக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். கீத் அவர் மடியில் இருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு பாவாடையெல்லாம் பூனை முடியோடு வெளியே வந்து, டீ குடித்துவிட்டு, சமையலறை மேஜையிலேயே அறிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது: 'கீத் ஒரு பூனை. நல்ல எடை. பயமின்றிப் பழகுகிறது. இரவு வேலை குறித்துக் கேட்டதற்குப் பதில் இல்லை. வீட்டில் ஆபத்து ஏதும் காணப்படவில்லை.'

நாங்கள் எத்தனையோ கடிதம் எழுதி நிரூபிக்க முடியாததை நகரசபையின் சொந்த அதிகாரியே முத்திரையோடு எழுதிவிட்டார். தன் அதிகாரியின் வார்த்தையை நகரசபை மறுக்க முடியாது. நான்கு நாளில் கடன் ரத்து. கோர்ட் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். சக்கரப் பூட்டைக் கழற்ற ட்ரெவரே வந்து, முழங்காலில் மண்டியிட்டுக் கழற்றிவிட்டு, "நல்லதாப் போச்சும்மா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

வந்த கடிதத்தில் 'கணக்கு திருத்தப்பட்டது' என்று இரண்டு வரிதான் இருந்தது. டெல்லாவுக்கு அது போதவில்லை. அரை நாள் விடுப்பு எடுத்து நகரசபைக்குப் போனாள். என்னையும் வரச் சொன்னாள். டோக்கன் எண் நூற்றுப் பதினேழு. ஒரு மணி நேரம் காத்திருந்து கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே இருந்தது மோரீன். அறுபது வயதிருக்கும்; அழகான சொந்தப் பல்.

"எல்லாம் முடிஞ்சுருச்சே கண்ணு. இன்னும் என்ன?"

"யாராவது வாயால சொல்லணும்" என்றாள் டெல்லா. "ரெண்டு மாசமா எல்லாரும் எங்கிட்ட, நீ கட்டணும் கட்டணும்னு சொன்னாங்க. கட்ட வேண்டாம்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லல. தாள்லதான் வந்துச்சு."

மோரீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கே வந்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் தலை நிமிர்ந்தார்கள்.

"டெல்லா ஹெப்வொர்த், நீ எங்களுக்கு ஒரு பைசா தரவேண்டியதில்ல. எப்பவுமே தரவேண்டியிருந்ததில்ல. தப்பு எங்களுது."

டெல்லா தலையை ஆட்டினாள். அழவில்லை, அழுவாள் என்று நான் நினைத்திருந்தேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். எதிரே சந்தையில் இரண்டு பொட்டலம் சூடான சிப்ஸ் வாங்கி, ஒன்றை என்னிடம் கொடுத்தாள். நகரசபைப் படிக்கட்டில் உட்கார்ந்து, வினிகர் நிறைய ஊற்றி, இரண்டு பேரும் முழுவதையும் தின்றோம்.